மாடில்லாத பால் டேங்க்

பிப்ரவரி கடைசி வந்துட்டா போதும், "கெளம்பிட்டீங்களா உங்க மாட்டுக் கொட்டாய்க்கு?"ன்னு தங்கமணி ஆரம்பிச்சிடுவாங்க. போறது மாட்டுக் கொட்டாய்க்குத்தான். ஆனா அங்க ஒரு மாடு கூட கிடையாது. அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம், காபி எடுத்துட்டு வந்து உக்காருங்க :-)

நாங்க இருக்கிறது அமெரிக்காவுல வெர்மாண்ட் மாநிலம். எங்க தெருக்கோடியில ஒரு பெரியவர். பரம்பரையா பால் பண்ணை, 40 மாடு வச்சிருந்தார். 2014ல உச்சத்துக்குப் போன பால் விலை அடுத்த வருஷமே விழுந்து, பல வருஷம் எந்திரிக்கவே இல்ல. தீவனக் கடன் ஏறிட்டே போக, 2018ல மொத்த மாட்டையும் வித்துட்டார். இவர் ஒருத்தர் கதை இல்லீங்க. 1940கள்ல இந்தச் சின்ன மாநிலத்துல 11,000 பால் பண்ணைக்கு மேல இருந்துச்சு. இப்ப ஆயிரம் கூட இல்ல.

மாடு போச்சு, சாமான் போகல. பாலைக் குளிர வச்சுச் சேர்த்து வைக்கிற 400 காலன் எவர்சில்வர் டேங்க், கறவை மெஷினோட வேக்குவம் பம்ப், குழாய்கள். விக்கலாம்னா சுத்துப்பட்டுல எல்லாரும் அதைத்தான் விக்கிறாங்க. யார் வாங்குவா? ஒரு வருஷம் அந்தப் பால் அறைக் கதவை அவர் திறக்கவே இல்லையாம்.

அப்புறம்தான் வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற மேப்பிள் மரங்கள் மேல கண்ணு போயிருக்கு. நம்ம ஊர் பதநீர் மாதிரிதான். பனையில பாளையைச் சீவுவாங்க, இங்க மரத்துல சின்னதா துளை போடுவாங்க. ராத்திரி உறைபனி, பகல்ல கொஞ்சம் வெயில்னு மாறி மாறி வர்ற அஞ்சாறு வாரம் மட்டும் சாறு வடியும். பார்க்கத் தண்ணிதான், சர்க்கரை சுமார் ரெண்டு சதவீதம்தான். சுமார் 40 லிட்டர் சாறைக் காய்ச்சினா ஒரு லிட்டர் சிரப்.

பெரியவர் கூப்பிட்டதும் வேடிக்கை பார்க்கப் போனவன், அப்படியே வேலைக்குச் சேர்ந்துட்டேன். சம்பளம் சிரப்தான்!

முதல்ல பம்ப். மாட்டுக்கு 15 அங்குல பாதரச அளவு இழுவை போதும். அதுவும் விட்டு விட்டு இழுக்கணும், இல்லன்னா மடி புண்ணாயிடும். மரத்துக்கு 25 அங்குலம், ஒரே இழுப்பு. பழைய பம்பு அந்த வேகத்துல சூடாகிப் புகைய ஆரம்பிச்சுது. எண்ணெய் கூட விழற மாதிரி பண்ணி, மேல ஒரு ஃபேனையும் மாட்டினார். "மாட்டை விட இது தேவலாம் தம்பி, மரம் உதைக்காது"ன்னு சிரிச்சார். மாட்டை வித்ததுக்கு அப்புறம் அவர் சிரிச்சு நான் பார்த்தது அன்னிக்குத்தான்.

அடுத்து நான் பண்ண ரெண்டு அசட்டுத்தனம்.

ஒண்ணு, பரண்ல கிடந்த பழைய பால் கேன். என்ன அழகு! "இதுல சாறு பிடிக்கலாமே"ன்னேன். எங்க பாட்டி ஈயச்சொம்புல ரசம் வச்ச ஞாபகம் எனக்கு. பெரியவர் கேனைப் பிடுங்கி ஓரமா வச்சார். நம்ம ஈயச்சொம்பு வெள்ளீயம். அந்தக் காலத்துக் கேன்ல மூட்டுப் பத்த வச்சிருக்கிறது காரீயம் கலந்தது, விஷம். "பால்ல கொஞ்சம்னா கொஞ்சம்தான். இதைக் காய்ச்சுறோம்ல, எது கலந்தாலும் 40 மடங்கா திரும்பி வரும்"னார்.

ரெண்டாவது, அதைக் கேட்ட பிறகும் பண்ணது. டேங்கைப் பால் அறையில இருந்த குளோரின் கரைசலை ஊத்திக் கழுவினேன். வெறும் தண்ணி விட்டு மூணு நாலு தடவை அலசச் சொல்லியிருந்தார். குளிர்ல கை விறைச்சுப் போய் ஒரு தடவையோட நிறுத்திட்டேன். அன்னிக்குக் காய்ச்சின சிரப் பூரா உப்புக் கரிச்சுது! பன்னெண்டு மணி நேர விறகு, ரெண்டு ஆள் உழைப்பு. பெரியவர் ஒரு வார்த்தை திட்டல. மறுநாள் காலைல நான் போறதுக்குள்ள அவரே டேங்குக்குள்ள குனிஞ்சு அலசிட்டு இருந்தார். திட்டியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு.

அன்னிக்குத்தான் டேங்க் கதையைச் சொன்னார். 1950கள்ல பால் கம்பெனிகள், இனிமே கேன்ல பால் எடுக்க மாட்டோம், டேங்க் இருந்தாத்தான் லாரி வரும்னு சொல்லிட்டாங்களாம். கடன் வாங்க முடிஞ்சவங்க டேங்க் போட்டாங்க, முடியாதவங்க மாட்டை வித்தாங்க. இவர் அப்பா கடன் வாங்கிப் பண்ணையைக் காப்பாத்தினார். "அன்னிக்குப் பக்கத்துப் பண்ணைகளை மூட வச்சது டேங்க். இன்னிக்கு என் பண்ணை போச்சு, டேங்க் மட்டும் நிக்குது"ன்னார். எனக்குப் பதில் சொல்லத் தெரியல.

ஆனா ஒண்ணு கவனிச்சேன். தினமும் சாயங்காலம் டேங்குக்குள்ள அளவுக்கோலை விட்டு எடுத்துப் பார்ப்பார். சுவத்துல ஒட்டியிருக்கிற அட்டவணையில இத்தனை கோடுக்கு இத்தனை பவுண்டு பால்னு இருக்கும். பாலை விடச் சாறு எடை கம்மி, கணக்கு கொஞ்சம் தப்பாத்தான் வரும். அவருக்குத் தெரியும். இருந்தாலும் அதே அட்டவணையைப் பார்த்து, பால் கணக்கு எழுதின அதே நோட்டுல எழுதுவார். நோட்டுல நடுவுல சில பக்கங்கள் மட்டும் காலி.

சாறு கொதிக்கும்போது நுரை பொங்கிட்டு வரும். ஒரு சொட்டு பால் ஏடு விட்டா கப்புனு அடங்கிடும், பழைய கைவைத்தியம். ஒரு நாள் பொங்கும்போது பெரியவர் பாக்கெட்ல கையை விட்டு ஒரு சின்ன க்ரீம் டப்பா எடுத்தார். சூப்பர் மார்க்கெட்ல வாங்கினது, விலைச் சீட்டு அப்படியே இருந்துச்சு. 40 மாடு கறந்த கை. என்னைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், ஒரு சொட்டு விட்டார். நுரை அடங்கிடுச்சு. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல.

இந்த வருஷம் டேங்கை நான்தான் அலசினேன். நாலு தடவை.

உங்க ஊர்ல இப்படி வேலை மாறின பழைய சாமான் எதுவும் இருக்கா? இருந்தா சொல்லுங்க மக்களே.