நாய் ஓட ஓரிடம்

திருகோணமலையிலிருந்து புறப்பட்டு, 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலத்தைக் கடந்து, குறிஞ்சாக்கேணியை நாம் அடைந்தபோது காலைப்பொழுது. களப்பின் ஓரத்தில் மீன் விற்போரைச் சூழ்ந்து நாய்கள் சில படுத்திருந்தன. அவற்றை அழைப்பாருமில்லை; கட்டுவாருமில்லை. வெளியெல்லாம் அவற்றுக்கே சொந்தம்!

சிங்கப்பூரில் நிலைமை நேர்மாறானது. அங்கு மக்களுட் பெரும்பாலோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றனர். வீடொன்றுக்கு, அனுமதிக்கப்பட்ட சிற்றின நாய் ஒன்றே வளர்க்கலாம் என்பது விதி. பீஷான் பூங்காவில் நாய்கள் ஓடுவதற்கென வேலியிட்ட திடலுண்டு. அதுவும் போதாதென்று, வெயிலும் மழையும் படாத குளிரூட்டிய மண்டபங்களில், கட்டணம் செலுத்தித் தம் நாய்களை ஓடவிடுகின்றனர். இத்தகைய இடங்களில் சிறிய நாய்க்கும் பெரிய நாய்க்கும் தனித்தனிப் பகுதி ஒதுக்குவதும், வாயிலிலேயே தடுப்பூசிச் சான்று கேட்பதும் வழக்கம்.

காசு கொடுத்து ஓட்டமா என்று நகைப்போர் நம்முட் பலர். ஆனால் அந்தச் சான்றை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர்களுக்கு இடம் இல்லை, ஊசி உண்டு. நமக்கோ இடம் உண்டு, ஊசி?

நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் இலங்கையில் 1901ஆம் ஆண்டிலேயே பிறந்துவிட்டது. எனினும் 1973இல் விசர்நாய்க்கடியால் மாண்டோர் 377 பேர். தடுப்பூசி பரவியதன் பயனாக அத்தொகை இன்று பெரிதும் குறைந்துள்ளது. ஆயினும் அறிகுறி தோன்றியபின் அந்நோயிலிருந்து பிழைப்போர் மிக அரியர். ஓரிடத்து நாய்களுள் நூற்றுக்கு எழுபதுக்கேனும் ஊசியிட்டால் நோய் பரவுவது தடைப்படும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. உரிமையாளரில்லாக் கட்டாக்காலி நாய்க்கு ஊசியிடுவிப்பவர் யார்? ஊரார் ஒன்றுகூடியே அதனைச் செய்விக்க வேண்டும்.

கிணற்றிலிறங்கிக் காலணியில் நீர் மொண்டு, தாகித்த நாய்க்கு ஊட்டியவனை இறைவன் மன்னித்தான் என்று நபிகள் நாயகம் உரைத்த செய்தியை இவ்வூரிற் சிறுவரும் அறிவர். இரக்கம் இங்கு புதிதன்று. அவ்விரக்கத்தோடு ஊசியும் சேருமாயின் நாய்க்கும் நலம், பாடசாலை செல்லும் பிள்ளைகளுக்கும் நலம்.

கடிபட்டாலோ, காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்க.