குளிர் வருமுன் தாபோடியில்



சென்னையிலிருந்து மும்பைக்குச் செல்லும் ரயிலில் ஏறி, சோலாப்பூரையும் தவுண்டையும் கடந்து புனேயில் வந்து இறங்கும் நம்முடைய ஜனங்களில் சிலர், அங்கிருந்து லோனாவாலா செல்லும் உள்ளூர் ரயிலில் மாறி, சிவாஜிநகர், கட்கி நிலையங்களுக்கு அடுத்ததாகிய தாபோடியில் மூட்டை முடிச்சுகளோடு இறங்குகிறார்கள். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் மெட்ரோ ரயிலும் இங்கே நின்று செல்கிறது. ஊரிலிருந்து வருகிறவர்கள் பாத்திரங்களைக் கொண்டுவருவார்கள், வேதாகமத்தையும் பாட்டுப் புத்தகத்தையும் கொண்டுவருவார்கள், மிளகாய்த் தூளும் புளியும்கூட மறவாமல் கொண்டுவருவார்கள். கம்பளி கொண்டுவருகிறவர்களை நான் கண்டதில்லை. திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் 20 பாகைக்குக் கீழே வெப்பம் இறங்குவதே அபூர்வமாயிருக்க, கம்பளியைப் பற்றி அவர்களுக்கு எப்படித் தோன்றும்?

தாபோடி பெரிய ஊர் அல்ல. ஒருபுறம் இராணுவப் பொறியியல் கல்லூரியின் நீண்ட மதில், ஒருபுறம் அரசுப் பேருந்துகளைப் பழுதுபார்க்கும் மத்தியப் பணிமனை, நடுவே ரயில் பாதை. பவனா நதி வந்து முளா நதியோடு சேருவது இதன் அருகில்தான். முளாவின்மேல் போபோடிக்கும் தாபோடிக்கும் இடையே நிற்கும் பாலத்தை இன்றைக்கும் ஹாரிஸ் பாலம் என்றே அழைக்கிறார்கள். ஆங்கிலேயர் நாட்களில் பம்பாய் மாகாண ஆளுநருக்கு இங்கே ஒரு மாளிகை இருந்தது. 1828-இல் அதைச் சார்ந்து ஒரு தாவரவியல் தோட்டமும் உண்டாக்கப்பட்டது. மாளிகைவாசிகள் இந்த ஊரின் சீதோஷ்ணத்தை மெச்சினார்கள். கனத்த கற்சுவரும் கணப்பு அடுப்பும் உள்ளவர்கள் அதை மெச்சுவதில் ஆச்சரியம் இல்லை. தகரக் கூரையின் கீழ் ஒரே அறையில் ஐந்து பேராய்ப் படுத்திருக்கும் குடும்பத்துக்கு அதே சீதோஷ்ணம் வேறு முகத்தைக் காட்டுகிறது.

புனே கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் பகல் வெயில் 29, 30 பாகைவரை ஏறும். அதே நாளின் விடியற்காலையில் 10, 11 பாகை. சில நாட்களில் 7, 8-க்கும் இறங்கிவிடும். 1935-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் தேதி 1.7 பாகைக்கு இறங்கியதாகப் பதிவு இருக்கிறது. மழைக்காலம் ஓய்ந்தபின் தக்காண பீடபூமியின் காற்று உலர்ந்துபோகிறது, வானத்தில் மேகம் இல்லை. ஆகையால் பூமி பகலில் பெற்ற வெப்பம் இரவில் தடையின்றி மேலே போய்விடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது; அது தண்ணீரைப்போலப் பள்ளத்தை நாடி ஓடி, ஆற்றோரங்களில் தேங்கி நிற்கும். ஏழைகளின் வீடுகள் இருப்பதும் அந்தப் பள்ளங்களில்தானே.

லாபானிடம் இருபது வருஷம் வேலை செய்த யாக்கோபை நினைத்துக்கொள்ளுங்கள். பகலில் வெயில், இரவில் குளிர், கண்ணில் தூக்கமில்லை என்று அவன் மாமனாரிடம் முறையிட்டதை ஆதியாகமம் 31-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பிழைப்புக்காக அந்நிய தேசம் போனவனுடைய வாயிலிருந்து வந்த சொற்கள் அவை. நம்முடைய வேதாகமத்தில் குளிர்காலம் என்னும் பொருளில் ‘மாரிகாலம்’ என்ற சொல் வரக் காண்கிறோம். கானான் தேசத்தில் குளிரும் மழையும் சேர்ந்து வருவதால் அந்தச் சொல் அங்கே பொருந்துகிறது. இங்கேயோ மழை போனபிறகே குளிர் வருகிறது. செப்டம்பரில் கூரை ஒழுகாமல் இருக்கத் தார்ப்பாய் போட்டவர்கள், அக்டோபர் வெயிலில் அதைக் கழற்றி விற்றுவிட்டு, நவம்பர் பாதியில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நிற்பார்கள். தார்ப்பாயை விற்காதீர்கள்; அதற்கு இன்னும் வேலை இருக்கிறது.

கூரையிலிருந்து தொடங்குவோம். மராத்தியில் ‘பத்ரா’ எனப்படும் தகரம், மெல்லிய இரும்பு. தெளிந்த வானத்தின் கீழ் அது வெளிக்காற்றைவிடவும் அதிகமாய்க் குளிர்ந்துபோகும். உள்ளே உறங்குகிறவர்களின் மூச்சிலுள்ள ஈரம் அதில் பட்டுத் துளிகளாகி, விடியற்காலையில் முகத்தில் சொட்டும். பனி ஒழுகுகிறது என்று சிலர் கூரையின் மேலே தார் பூசுகிறார்கள். அது வீண் செலவு. நீர் மேலிருந்து வரவில்லை, அறைக்குள்ளிருந்தே வருகிறது. தகரத்திற்கு ஒரு சாண் கீழே, ஒரு பக்கம் சற்றுச் சாய்வாக, இரண்டாவது விதானம் ஒன்றைக் கட்டுங்கள். இடையில் அசையாமல் நிற்கும் காற்றே வெப்பத்தைக் காக்கும். பழைய தார்ப்பாய் போதும். அல்லது விளம்பரப் பதாகைகளின் பழைய பிளக்ஸ் மலிவாகக் கிடைக்கும். அரசியல் தலைவர் ஒருவர் இரவெல்லாம் உங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க வேண்டாமென்றால் அச்சுப் பக்கத்தை மேலே திருப்பிக் கட்டுங்கள். அடுப்புக்கு நேர்மேலே மாத்திரம் எதையும் கட்டக்கூடாது. தெர்மாகோலை நான் சிபாரிசு செய்வதில்லை; அது தீயை வெகு சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது தரை. ஷாபாத் கல் பதித்த தரை கோடையில் ஆசீர்வாதம், ஜனவரியில் உடம்பின் சூட்டை உறிஞ்சும் அட்டை. மேலே இரண்டு போர்வை போர்த்தியும் நடுங்குகிறவர்கள், கீழே ஒற்றைப் பாயை மாத்திரம் விரித்திருப்பதைக் காணலாம். ஒரு போர்வையை எடுத்துக் கீழே விரித்தால் பலன் அதிகம். அதைவிட மலிவானது, கடைகளில் கிடைக்கும் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, இரண்டடுக்காய்ப் பரப்பி, அதன்மேல் சணல் சாக்கு, அதன்மேல் பாய். காலையில் இவைகளை எடுத்து வெயிலில் போடவேண்டும்; இல்லாவிட்டால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும்.

கதவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மவர்கள் நாள் முழுவதும் கதவை மூடிவைத்து, மாலையில் வாசலில் உட்கார்ந்து பேசுவதற்காகத் திறந்துவைப்பார்கள். இங்கே மறுதலையாகச் செய்யவேண்டும். காலை பத்து மணிமுதல் வெயில் உள்ளே வரும்படி எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். சுவர் சூட்டை வாங்கிக்கொள்ளும். மாலை ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் மூடிவிடுங்கள். கதவின் அடி இடைவெளிக்குப் பழைய துணியை நீளமாய்ச் சுருட்டி வைத்தால் போதும்.

போர்வை விஷயத்தில் மராட்டிய அயலகத்தாரிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஏராளம். அவர்கள் வீடுகளில் ‘கோதடி’ என்று ஒன்று இருக்கும். பழைய நூல் சேலைகளை நாலைந்து அடுக்காக வைத்து, விளிம்பிலிருந்து நடுவரை நெருக்கமாய் ஓட்டுத் தையல் போட்டுத் தைத்த மெத்தைப் போர்வை அது. பாட்டியின் சேலை, தாயின் சேலை, மருமகளின் சேலை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாய் அதற்குள் இருக்கும். ஊசியும் நூலும் தவிர வேறு செலவில்லை. நம் சகோதரிகள் பழைய சேலைகளைக் கொடுத்துப் பாத்திரம் வாங்குவதை நிறுத்தி, அக்டோபர் மாதத்தில் பிற்பகல்தோறும் பக்கத்து வீட்டு ஆயியிடம் உட்கார்ந்து இதைப் பழகினால், போர்வையும் கிடைக்கும், மராத்தியும் வரும், சாட்சி சொல்ல வாசலும் திறக்கும். யோப்பாவிலே தொற்காள் கையில் பிடித்திருந்ததும் ஊசிதான். விலை கொடுத்து வாங்குவதானால் சோலாப்பூர் சாதர் நல்லது. பருத்தியானபடியால் பல வருஷம் உழைக்கும். தன்கர் என்னும் மேய்ப்பர் சமூகத்தார் தக்காண ஆட்டு ரோமத்தில் செய்யும் ‘கோங்கடி’ அதைவிடச் சூடானது. முதலில் சற்று உறுத்தும், வாடையும் உண்டு. யாக்கோபுக்கு அந்த வாடை பழக்கமானதே.

இரண்டுபேர் சேர்ந்து படுத்தால் சூடுண்டாகும் என்று பிரசங்கி சொன்னதில் கணக்கும் இருக்கிறது. உறங்கும் ஒரு மனிதனின் உடல் ஏறக்குறைய 70, 80 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. ஐந்து பேர் உறங்கும் அறையில் 400 வாட் அளவுக்கு இலவசமாக எரிந்துகொண்டிருக்கிறது. அதைக் கூரை வழியாகவும் தரை வழியாகவும் தப்பவிடாமல் காப்பதுதான் காரியம். 2000 வாட் மின்கணப்பை வாங்கி இரவில் நாலு மணி நேரம் ஓட்டினால் 8 யூனிட், மாதத்திற்கு 240 யூனிட். மகாராஷ்டிராவில் மாதம் 100 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே ஏறிவிடும். தவணையில் கணப்பு வாங்கிப் பிப்ரவரியில் மின்கட்டணத்திற்காகக் கடன் வாங்கிய குடும்பங்களை அறிவேன்.

குளிக்கும் நீருக்கு அவ்வளவு செலவில்லை. ஒரு வாளி, அதாவது 20 லிட்டர் நீரை இதமான சூட்டுக்குக் கொண்டுவர ஏறக்குறைய அரை யூனிட் போதும். 1500 வாட் கம்பி ஹீட்டர் அதை இருபது நிமிடத்தில் செய்துவிடும். ஆனால் அந்தக் கம்பி நீரில் இருக்கும்போது விரலை விட்டுப் பார்க்கும் வழக்கம் உயிரைக் குடிக்கும். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கியபின்பே தொடவேண்டும். குழந்தைகளுக்கோ இதுவும் தேவையில்லை. கறுப்பு வண்ணம் பூசிய டின்னில் நீரை நிரப்பிக் காலையில் வெயிலில் வையுங்கள். மத்தியானம் இளஞ்சூடான நீர் ஆயத்தமாயிருக்கும். பள்ளி விட்டு வந்ததும் குளிப்பாட்டலாம். விடியற்காலையில் குளித்தால்தான் சுத்தம் என்று நியாயப்பிரமாணம் ஒன்றும் இல்லை.

அன்பானவர்களே, இப்போது சொல்லப்போவதைத் தயவுசெய்து வீட்டிலுள்ள எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். இங்கே ‘சேகடி’ எனப்படும் கரியடுப்பு உண்டு. வெளியே அதைப் பற்றவைத்து, புகை அடங்கிக் கங்கு சிவந்தபின், இனிப் பயமில்லை என்று எண்ணி உள்ளே கொண்டுவந்து கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். புகை போனபின்புதான் ஆபத்து கண்ணுக்கு மறைகிறது. கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தம் பிராணவாயுவைப் பற்றிக்கொள்வதைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேலான பலத்தோடு இதைப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பின்பு குமட்டல், பின்பு இன்பமான தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து எழும்பாதவர்கள் உண்டு. இரவுக் காவல் வேலை செய்யும் நம் சகோதரர் ஒருவர், காவலறைக்குள் தகர டப்பாவில் கங்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பீடிக்குத் தீ கேட்க வந்த அடுத்த கட்டடத்துக் காவலாளி கதவைத் தட்டியும் பதில் இல்லாமல் தள்ளித் திறந்ததால், அவர் இன்றைக்கும் நம் மத்தியில் இருக்கிறார். பீடியை நான் ஆதரிக்கிறவன் அல்ல. ஆயினும் அன்றிரவு கர்த்தர் ஒரு பீடிக்காரரைப் பயன்படுத்தினார்.

ஜன்னல் இல்லாத குளியலறையில் எரியும் காஸ் கீசருக்கும், சூட்டுக்காக எரியவிடும் சமையல் அடுப்புக்கும் இதே எச்சரிப்பு பொருந்தும். பேதுரு குளிர்காய்ந்த கரிநெருப்பு திறந்த முற்றத்தில் இருந்தது என்பதைக் கவனியுங்கள். ஒரே வீட்டில் இருவருக்கோ மூவருக்கோ ஒரே நேரத்தில் தலைவலி வந்தால், ஜலதோஷம் என்று தைலம் தேய்த்துக்கொண்டிராமல், கதவுகளைத் திறந்து எல்லாரையும் வெளியே கொண்டுவந்து, 108-ஐ அழையுங்கள். ஜெபம் பண்ணுங்கள், வெளியே வந்தபின் பண்ணுங்கள்.

பிரசவத்துக்காக ஊரிலிருந்து தாயாரை அழைத்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு: பிறந்த குழந்தையை முதல் 24 மணி நேரத்திற்குக் குளிப்பாட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோலோடு தோலாய் அணைத்து மேலே போர்த்தும் முறை 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகர மருத்துவமனையில், காப்புப் பெட்டிகள் போதாமல் போனபோது தொடங்கியது. அதற்குக் காசு வேண்டாம். மூடிய அறையில் சாம்பிராணிப் புகை போடுவதை விட்டுவிடுங்கள். பிஞ்சு நுரையீரல் அதைத் தாங்காது. அந்தத் தாயாரையும் கவனியுங்கள். மகனுக்குச் செலவு வைக்கக்கூடாதென்று, குளிருகிறது என்று அவர்கள் வாய்திறந்து சொல்லமாட்டார்கள். குளிரில் இரத்த அழுத்தம் ஏறும். முதியவர்கள் நாலு மணிக்கு எழுந்து வெறுங்காலோடு கல் தரையில் முழங்கால்படியிடுவதை நான் விரும்புவதில்லை; கட்டிலில் கம்பளியோடு உட்கார்ந்து செய்யும் ஜெபத்தையும் கர்த்தர் கேட்கிறார். காலுறையும் காதை மூடும் தொப்பியும் முதலாவது அவர்களுக்கே வாங்கப்படட்டும்.

ஆகாரத்தில் பெரிய மாற்றம் வேண்டியதில்லை. மராட்டியர் இந்த மாதங்களில் கம்பு மாவில் பாக்ரி சுட்டு உண்பார்கள். எள்ளும் வெல்லமும் சேர்ப்பார்கள். கம்பங்கூழ் குடித்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல.

சபைகளுக்கும் ஒரு காரியம். ஏழையின் மேலாடையை அடகாக வாங்கினவன் பொழுது போகுமுன் அதைத் திருப்பிக்கொடுக்கவேண்டும் என்பது யாத்திராகமம் 22-ஆம் அதிகாரத்துக் கட்டளை. பொழுது போகுமுன் என்கிற காலக் குறிப்பு அதில் முக்கியம். நாமோ கிறிஸ்துமஸ் விழாவில் மேடைபோட்டு, விருந்தினரை அழைத்து, புகைப்படம் எடுத்துக் கம்பளி வழங்குகிறோம். அதற்குள் குளிர்காலத்தில் பாதி போய்விடுகிறது. சிறையிலிருந்த பவுல், துரோவாவில் கார்ப்பு என்பவனிடத்தில் வைத்துவந்த மேலங்கியைக் கேட்டு எழுதினபோது, குளிர்காலத்துக்கு முன்பே வந்துசேரும்படி தீமோத்தேயுவை அவசரப்படுத்தினார். கம்பளிகளை நவம்பர் முதல் வாரத்தில், இருட்டினபின் வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுங்கள். எந்த வீட்டில் தரை வெறுமையாய் இருக்கிறது என்பதையும் அப்போது காண்பீர்கள்.

டிசம்பர் 31-ஆம் தேதி இரவு ஆராதனைக்கும் இப்போதே ஆயத்தம் செய்யலாம். தகரக் கொட்டகையில் நள்ளிரவைத் தாண்டி உட்காருகிறோம். தரையில் அட்டையும் சாக்கும் விரித்து, முதியவர்களையும் கைக்குழந்தைக்காரிகளையும் வாசலுக்கு விலகி நடுவே உட்காரவைத்து, பதினொரு மணிக்கு எல்லாருக்கும் ஒரு தம்ளர் சுக்குக் காப்பி கொடுங்கள். ஆராதனை முடிந்து ஒரு மணிக்கு ஹாரிஸ் பாலத்தின்மேல் இருசக்கர வண்டியில் போகிறவர்கள், சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே செய்தித்தாளை மடித்து மார்பில் வைத்துக்கொள்ளட்டும். ஆற்றுக் காற்று அந்த இடத்தில்தான் அதிகமாய் வீசும்.