மூன்று நிமிடக் கிட்டப்பா

கைபேசியில் எஸ்.ஜி.கிட்டப்பா என்று தேடிப் பாருங்கள். உடனே வந்துவிடும். முதலில் கரகரவென்று ஓர் இரைச்சல், பிறகு ஹார்மோனியம், அப்புறம் அந்தக் குரல். பாடுவது ஆணா, பெண்ணா என்று புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒரு கணம் குழப்பம்கூட வரலாம். அவ்வளவு உச்சி!

1906 ஆகஸ்ட் 25-ல் செங்கோட்டையில் பிறந்தவர். ஊர் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956-ல் திருநெல்வேலி மாவட்டம். இப்போது தென்காசி மாவட்டம். எல்லை எப்படி மாறினால் என்ன, அந்தப் பக்கத்துத் தண்ணீர் சிற்றாறாகப் போய் சீவலப்பேரியில் தாமிரபரணியோடுதான் சேர்கிறது. குடும்பத்தில் வறுமை. அண்ணன் தம்பிகளோடு சின்ன வயதிலேயே சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக சபைக்குப் போனார் கிட்டப்பா. 1933 டிசம்பர் 2-ல் மறைந்தபோது வயது 27.

நாலு கட்டை, ஐந்து கட்டை என்று அவர் சுருதியைப் பற்றிப் பழைய ரசிகர்கள் சொல்வார்கள். இன்றைய ஆண் வித்வான்கள் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டியே பாடுகிறார்கள். ஏன் அவ்வளவு உச்சி? மைக் இல்லை. கொட்டகையின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவரும் காசு கொடுத்துத்தானே வந்திருக்கிறார்? அவருக்கும் கேட்க வேண்டும், அதுவும் விடிய விடிய.

மேல்நாட்டு ஹெவி மெட்டல் பாடகர்களும் உச்சக் குரலில்தான் அரங்கை அதிர வைக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குப் பின்னால் ஆளுயர ஆம்ப்ளிஃபயர் நிற்கும்! 2010-ல் மறைந்த ரோனி ஜேம்ஸ் டியோவின் மேடைக் கச்சேரிகளே ஆல்பம் ஆல்பமாக இருக்கின்றன. கிட்டப்பாவின் மேடையிலிருந்து ஒரு நிமிடம்கூட நம்மிடம் இல்லை. 1931-லேயே தமிழ் பேசும்படம் வந்துவிட்டது. அதிலும் அவர் முகம் காட்டவில்லை. மிஞ்சியது கிராமஃபோன் தட்டுகள் மட்டுமே.

ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், சற்றே கூட. அதற்குள் எல்லாம் முடிய வேண்டும். மேடையில் ஒரு விருத்தத்தை அவர் எவ்வளவு நேரம் இழைத்திருப்பார், ‘ஒன்ஸ்மோர்’ கேட்டால் எப்படி மாற்றிப் பாடியிருப்பார்... அதெல்லாம் தட்டில் இல்லை. ‘எவரனி’ கேளுங்கள். ஒரு பெரிய மனிதரைச் சின்ன அறைக்குள் நிற்கவைத்தது மாதிரி இருக்கும். அப்படியும் அந்தப் பிருகாக்கள் ஒன்றுகூடச் சிதறவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தத் தட்டுகள் நிமிடத்துக்கு 78 சுற்று சுற்ற வேண்டும். அதைக் கொஞ்சம் கூட்டி 82½ ஆக்கிவிட்டால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். யாரோ ஒருவர் வீட்டு மெஷினில் ஓட்டிப் பதிந்ததைத்தான் நாம் இணையத்தில் கேட்கிறோம். வேகம் சரியா என்று தெரியாமல், அதை வைத்து ‘இத்தனை கட்டை’ என்று சத்தியம் செய்ய முடியாது. இரைச்சலை எடுக்கிறேன் என்று கம்ப்யூட்டரில் அதிகமாகச் சுத்தம் செய்தாலும் ஆபத்துதான். குரலின் மேல்ஓரமும் கூடவே போய்விடும். கரகரப்போடு கேட்பதே மேல்.

கே.பி.சுந்தராம்பாளின் கதை வேறு. கணவர் போனபிறகு வெள்ளைச் சேலைக்கு மாறியவர், 1980 வரை, இன்னும் 47 வருடம் இருந்தார். சினிமா, மேடை, வானொலி என்று அவர் குரல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டது. கிட்டப்பாவின் குரல் அரக்கிலேயே நின்றுவிட்டது. ஆமாம், அந்தத் தட்டுகளில் அரக்குதான் முக்கியச் சரக்கு. கீழே விழுந்தால் கண்ணாடி மாதிரி உடையும். ஊசியை அடிக்கடி மாற்றாமல் ஓட்டியதில் பல தட்டுகள் தேய்ந்தும் போயின.

நெல்லைப் பக்கத்துப் பழைய வீடுகளில் பரணைச் சுத்தம் செய்யும்போது அப்படி ஏதாவது அகப்பட்டால், பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள். வெயில் படக்கூடாது. தூசியை மெல்லிய துணியால் துடைத்தால் போதும். ஸ்பிரிட் மட்டும் வேண்டாம். அரக்கு அதில் கரைந்துவிடும்.