எழுதிக் கொடுத்த பாட்டு

எண்பதுகளில் திண்டுக்கல் மணிக்கூண்டைச் சுற்றியிருந்த தெருக்களில் கேசட் பதிந்து தரும் கடைகள் இருந்தன. சுவர் நெடுக இசைத்தட்டு உறைகள், மேஜையில் ஒரு டர்ன்டேபிள், இரண்டு டெக், வாசலில் இரண்டு பெரிய ஸ்பீக்கர். கோடு போட்ட தாளில் பாட்டுகளை எழுதிக்கொண்டு போய்க் கொடுப்போம். 60 நிமிடக் கேசட்டில் 12 பாட்டு அடங்கும், 90-இல் 18. அந்த 12-ஐத் தேர்ந்தெடுப்பதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். அடித்து, மறுபடி எழுதி, பிடித்த ஒரு பாட்டை மனசில்லாமல் விட்டு, கடைசியில் கடைக்காரர் கையில் கொடுக்கும்போது பரீட்சைத் தாளை நீட்டுகிற படபடப்பு இருக்கும்.

அன்று எழுதிக் கொடுத்த பாட்டெல்லாம் இன்று செல்போனில் இருக்கிறது. அன்றைவிடத் தெளிவாகவே கேட்கிறது. என் ஏக்கமெல்லாம் அந்தக் கடை வாசலில் நின்று பேசிய பேச்சுக்குத்தான்.

கடைக்கார அண்ணன் தாளை வாங்கி மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்ப்பார். "தம்பி, இதுக்குப் பின்னாடியே இதப் போட்டா எடுபடாது. நடுவுல ஒரு ஜானகி பாட்டு வரட்டும்." பேனாவால் வரிசையை மாற்றுவார். சொன்னதைக் கேட்டால் கேசட் நன்றாக இருக்கும், அது எங்களுக்குத் தெரியும். பக்கம் முடிய ஒன்றிரண்டு நிமிடம் நாடா மிச்சமிருந்தால் அதைச் சும்மா விடமாட்டார். தனக்குப் பிடித்த ஏதாவது ஒரு வாத்திய இசையைப் போட்டு நிரப்புவார். 1986-இல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' எனக்கு அப்படித்தான் அறிமுகம். வயலின்கள் உச்சத்துக்கு ஏறும்போது நாடா தீர்ந்து 'டக்'கென்று பட்டன் எகிறியது. மீதி என்ன ஆனது என்று கேட்க மறுநாளே கடைக்கு ஓடினேன். அவர் சிரித்துக்கொண்டே முழுத் தட்டையும் போட்டுக் காட்டினார்.

சாயங்காலமானால் வாசலில் ஆட்கள் சேர்வார்கள். பேகம்பூர்ப் பக்கமிருந்து சைக்கிளில் வருபவர், நாகல் நகர் தறிக்காரர், பூட்டுப் பட்டறையில் அரம் தேய்த்த கையைக் கழுவிவிட்டு வரும் பையன், பாலிடெக்னிக் மாணவர்கள். வேறு எந்த விஷயத்துக்கும் ஒரே இடத்தில் நிற்காதவர்கள் ஒரு பாட்டின் இரண்டாவது இடையிசைக்காக ஒன்றாக நிற்பார்கள்.

அந்த வாசலில் அதிகம் அடிபட்ட பாட்டு 'இளைய நிலா'. 1982-இல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்ததிலிருந்து கிட்டாரைத் தொடுகிற ஒவ்வொருவரும் அதன் தொடக்கத்தை வாசித்துப் பார்த்தார்கள். அதை வாசித்தவர் பெயர் கேசட் அட்டையில் கிடையாது. ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் சொல்லித்தான் தெரியும்: ஆர். சந்திரசேகர். அவருடைய உடன்பிறந்தவர் டிரம்ஸ் புருஷோத்தமன். கீபோர்டு விஜி மானுவல், பேஸ் கிட்டார் சசிதரன். நடிகர்களின் பெயரைச் சொல்வதுபோல இந்தப் பெயர்களை நாங்கள் சொல்லிக்கொண்டோம். 1983-இல் அதே மெட்டு 'கலாகார்' என்ற இந்திப் படத்துக்குப் போனது. இசை கல்யாண்ஜி – ஆனந்த்ஜி, பாடியவர் கிஷோர் குமார். அன்றைக்கு வாசலில் இரண்டு கட்சி. எஸ்.பி.பி. நிலவைத் தொட்டுவிட்டு வருகிறார் என்பது என் கட்சி. "போடா மாப்ள, கிஷோர் குரல்ல ஒரு கனம் இருக்கு, அது உங்காளுகிட்ட இல்ல" என்பான் நண்பன். அந்தச் சண்டை கடைசிவரை தீரவில்லை.

மாசியில் கோட்டை மாரியம்மன் திருவிழா வந்தால் பேச்சு ஆர்கெஸ்ட்ரா மேடைக்கு மாறும். எங்கள் கூட்டம் மேடைக்கு எதிரே உட்காராது. பக்கவாட்டில், கிட்டார்காரர் விரல் தெரிகிற இடத்தில் போய் நிற்கும். பாட்டு என்பது மனிதர்கள் கையால் செய்யப்படுவது என்பதை அங்கேதான் கண்ணால் பார்த்தோம். ஒரு வருடம் 'இளைய நிலா'வுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தோம். குழுவில் இருந்ததோ எலெக்ட்ரிக் கிட்டார். அந்த அண்ணன் சீட்டைப் படித்தார், ஒரு கம்பியின் சுருதியைச் சரிபார்த்தார், பிளெக்ட்ரத்தைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு வெறும் விரலால் மீட்டத் தொடங்கினார். கட்டைவிரல் மேல் கம்பிகளில், மற்ற விரல்கள் கீழே. பாடகர் மைக்கை விட்டுச் சற்று விலகி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். புல்லாங்குழல் வாசிக்க ஆளில்லாததால் கீபோர்டில் சமாளித்தார்கள். "ஒரு சங்கதி விட்டுப்போச்சு" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். "போனா என்ன, பாட்டு நிக்குதுல்ல" என்று பதில் வந்தது. அச்சு அசலாக இருக்க வேண்டுமா, வாசிப்பவன் தன் மனசையும் கொஞ்சம் சேர்க்கலாமா என்பதை டீக்கடையில் விடியும்வரை பேசினோம்.

அந்த நாட்களில்தான் கொடைக்கானலில் படித்த ஒரு நண்பர் ஆங்கில ராக் கேசட்டுகளைக் கொண்டுவந்தார். பாப் டிலன் 1967-இல் பாடி வெளியிட்ட 'ஆல் அலாங் தி வாட்ச்டவர்' பாட்டை, மறு ஆண்டே ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கிட்டாரால் வேறொன்றாக ஆக்கினார். பிற்பாடு டிலனே மேடையில் அதை ஹென்ட்ரிக்ஸ் வழியை ஒட்டிப் பாடலானார். இதைக் கேட்டதும் எனக்கு அந்தத் திருவிழா கிட்டார் அண்ணன் முகம்தான் வந்தது. மறுபடி பாடுவதும் ஒரு படைப்புதான் என்று டீக்கடையில் நாங்கள் தட்டுத்தடுமாறிச் சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கிறது.

பாட்டைப் பற்றிப் பேசுவதில் எங்கள் ஊருக்கு ஒரு தனி ருசி உண்டு. பழைய பாடலா புதிய பாடலா என்று பட்டிமன்றம் வைத்து, பேச்சுக்கு நடுவே பாடியும் காட்டி, அதைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோன ஐ. லியோனி தன் பெயருக்கு முன்னால் திண்டுக்கல்லைத்தான் வைத்துக்கொண்டார். அந்தப் பட்டிமன்றங்களும் கேசட்டாக வந்து, பாட்டுக் கேசட்டுகளுக்கு நடுவிலேயே விற்றன.

எல்லாம் ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் மேடையில் டிரம்ஸ் இருந்த இடத்துக்கு ரிதம் பேட் வந்தது. பிறகு வயலினையும் கிட்டாரையும் கீபோர்டே பார்த்துக்கொண்டது. அப்புறம் ட்ராக்கை ஓடவிட்டுப் பாடினார்கள். பக்கவாட்டில் நின்று பார்க்க விரல்கள் இல்லை. 2000-இல் வந்த ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்றன. நோயாளிக்கும் குழந்தைக்கும் தூக்கம் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் துண்டுச்சீட்டுப் பாட்டுகள் 10 மணிக்கு மேல்தான் வரும். கடைகளும் சிடிக்கு மாறின, எம்பி3 தட்டு ஒன்றில் நூற்றுக்கும் மேல் பாட்டு வந்தது. அதற்கப்புறம் எதையும் அடித்துத் திருத்தி எழுத வேண்டியிருக்கவில்லை.

2009-இல் 'பா' இந்திப் படத்தின் பாட்டொன்று டிவியில் வந்தபோது எழுந்து நின்றுவிட்டேன். 1982-இல் மலையாள 'ஓளங்கள்' படத்துக்கு ஜானகி பாடிய மெட்டு. அதே வருடம் தமிழில் 'ஆட்டோ ராஜா'வில் இளையராஜாவும் ஜானகியும் பாடியது. 27 வருடம் கழித்து மழலைக் குரல்களோடு திரும்பி வந்திருக்கிறது. மூன்றில் எது என்று கேட்டால் நான் 'ஆட்டோ ராஜா' பக்கம். அந்தக் கிஷோர் கட்சி நண்பன் கட்டாயம் மலையாளம் என்பான், காரணம் நாலு சொல்வான், நானும் விடமாட்டேன். அவன் எந்த ஊரில் இருக்கிறான் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.