குப்பை போகும் வழியில் ஒரு நாள்

எங்கள் தொழிற்சாலையின் மறுசுழற்சிக் குழுவில் புதிதாக யாராவது சேர்ந்தால், அவர்களுக்கு முதலில் கூட்டமும் கிடையாது, பயிற்சியும் கிடையாது. ஒரு சனிக்கிழமை காலையில் கம்பெனி வேனில் ஏற்றிக்கொண்டு ஜொகூரைச் சுற்றிக் காட்டுவோம். கடற்கரைக்கோ பேரங்காடிக்கோ அல்ல. நாம் தூக்கிப் போடுவது எந்த வழியாக எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்கத்தான்.

இந்த முறை வந்தவர்கள் நான்கு பேர். தர நிர்ணயப் பிரிவில் இருக்கும் இரு இளம் பெண்கள், கிடங்கில் வேலை செய்யும் ஒரு தம்பி, கணக்குப் பிரிவிலிருந்து ஒரு மலாய் நண்பர். காலை 7.30 மணிக்கு மாசாய் டவுனில் தோசையும் தே தாரிக்குமாகப் பசியாறினோம். மதியச் சாப்பாட்டை அங்கேயே தாப்பாவ் செய்துகொண்டோம். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: டப்பா அவரவர் வீட்டிலிருந்து வர வேண்டும். கிடங்குத் தம்பி மறந்துவிட்டு வந்திருந்தார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே வாழை இலையில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

ஆற்றங்கரையில்

முதல் நிறுத்தம் தாமான் பாசிர் பூத்தே பக்கம் ஓடும் கிம் கிம் ஆறு. இரு கரையிலும் சதுப்புச் செடிகள், சேற்று நிறத்தில் மெதுவாக நகரும் தண்ணீர், ஜொகூர் நீரிணையை நோக்கிப் போகிறது. பார்ப்பதற்கு இவ்வளவுதான். ஆனால் பாசிர் கூடாங்கில் குடியிருக்கும் எவருக்கும் இந்தப் பெயரைக் கேட்டால் 2019 மார்ச் மாதம் ஞாபகம் வரும்.

அந்த மாதம் 7ஆம் தேதி, ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவின் ஆவி காற்றில் பரவியது. அருகிலிருந்த பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறலோடும் வாந்தியோடும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அடங்கிவிட்டது என்று நினைத்த வேளையில், 11ஆம் தேதி மறுபடியும் தொடங்கியது. 13ஆம் தேதி பாசிர் கூடாங் வட்டாரத்தின் 111 பள்ளிகளையும் மூடக் கல்வி அமைச்சு உத்தரவிட்டது. சிகிச்சை பெற்றவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். பழைய டயர்களைப் பதப்படுத்தும் தொழிற்சாலை ஒன்றைச் சேர்ந்தவர்கள் மீது பிறகு வழக்குத் தொடுக்கப்பட்டது.

பழைய டயரைப் பதப்படுத்துவதும் ஒரு வகை மறுசுழற்சிதான். அதனால்தான் புதியவர்களை முதலில் இங்கே அழைத்து வருகிறேன். ‘மறுசுழற்சி’ என்று பெயர்ப்பலகை இருந்தால் மட்டும் போதாது. அதில் மிஞ்சுவது எங்கே போகிறது என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

நானும் அதுவரை கேட்டதில்லை. அப்போது என் மகள் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். பள்ளி மூடியதும் அவளைக் குளுவாங்கில் இருக்கும் என் அம்மாவிடம் கொண்டுபோய் விட்டேன். அன்றிரவு சாப்பாடு பரிமாறிக்கொண்டே அம்மா கேட்டார்: “ஏம்ப்பா, உங்க கம்பெனி கழிவெல்லாம் எங்க போவுது?”

பன்னிரண்டு ஆண்டுகளாக அங்கே வேலை செய்கிறேன். மின்சாதனங்களுக்கான பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கும் தொழிற்சாலை அது. ஒரு நாளில் எத்தனை பாகங்கள் வெளியே போகின்றன என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அம்மாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

செம்பனைக்கு நடுவே

ஆற்றிலிருந்து வேன் வடக்கே திரும்பி, உலு திராம் தாண்டி சீலோங் சாலையில் போகிறது. இருபுறமும் செம்பனை. ஒரு காலத்தில் ஜொகூரில் இப்படிப்பட்ட சாலைகளின் இருபுறமும் ரப்பர் மரங்கள் நின்றன, அவற்றுக்குப் பின்னால் நம்மவர்களின் லயங்கள் இருந்தன. என் அம்மா பால்மரம் வெட்டியவர். இந்தச் சாலையில் போகும்போது புதியவர்களுக்கு அவர் சொன்ன கதையைச் சொல்வது வழக்கம்.

மரம் வெட்டுகிறவர் வாளியில் பாலை மட்டும் சேர்ப்பதில்லை. வெட்டிய கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் கோட்டுப்பாலை உரித்துத் தனியாக வைப்பார். மங்கில் உறைந்துபோன கட்டிப்பால் தனி. மண்ணில் சிந்தி உறைந்தது தனி. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. மண்பாலைக் கட்டிப்பாலோடு கலந்தால், எல்லாமே மண்பாலின் விலைக்கு இறங்கிவிடும்.

“இதச் சொல்லிக் குடுக்க எங்களுக்கு யாரும் போஸ்டர் ஒட்டல” என்பார் அம்மா.

கழிவுப் பிரிப்பின் அடிப்படை இதுதான். சுத்தமான அட்டைப்பெட்டிக்கு விலை உண்டு. குழம்பு ஊற்றிய அட்டைப்பெட்டி குப்பை. கலக்கும் இடத்தில் மதிப்பு போய்விடுகிறது. ஆகவே பிரிக்க வேண்டிய இடம் கையிலிருந்து விழும் இடம்தான். லோரியில் ஏறிய பிறகு அல்ல.

ஜொகூரில் வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடுவது 2015 செப்டம்பர் 1 முதல் கட்டாயமானது. அடுத்த ஆண்டு ஜூனிலிருந்து அபராதமும் வந்தது. தரைவீடுகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பை லோரி, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருளுக்கான லோரி. நீலத் தொட்டி தாளுக்கு, பழுப்பு கண்ணாடிக்கு, ஆரஞ்சு பிளாஸ்டிக், அலுமினியம், இரும்புக்கு. வீட்டில் இதையெல்லாம் செய்யும் நாங்களே, வேலையிடத்தின் வாசலில் நுழைந்ததும் வாழைப்பழத் தோலையும் போத்தலையும் ஒரே தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தோம்.

சீலோங்

முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தால்தான் உள்ளே போக முடியும். ஜொகூர் பாரு, கூலாய் பக்கத்துக் குப்பை வந்து சேரும் இடம் சீலோங். குப்பை மேடு என்றதும் ஈ மொய்க்கும் திறந்தவெளி நினைவுக்கு வரும். இது அப்படியில்லை. அடியில் நீர் கசியாத விரிப்பு போட்டு, மேலே குப்பையை அழுத்தி, மண்ணைப் பரப்பி மூடுகிறார்கள். அழுகலிலிருந்து வழியும் கசிவுநீரைக் குழாயில் பிடித்துத் தனியே சுத்திகரிக்கிறார்கள். மக்கும் உணவிலிருந்து மீத்தேன் வாயு கிளம்புகிறது. கரியமிலவாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது.

வேனிலிருந்து இறங்கியதும் முதலில் தாக்குவது வாடை. இரண்டு நிமிடத்தில் மூக்கு பழகிவிடும். கண் பழகுவதில்லை. லோரி பின்னால் நகர்ந்து கொட்டும்போது சரிந்து விழுவதெல்லாம் தெரிந்த பொருள்கள்: கடைகளின் பெயர் போட்ட பைகள், பொட்டலச் சோறு, பிரிக்கப்படாத ரொட்டிப் பாக்கெட். சென்ற ஆண்டு வந்த ஒரு பெண், தன் தாமான் கடையின் பையை அங்கே பார்த்துவிட்டு வீடு திரும்பும் வரை பேசவில்லை. மலேசியாவில் 2023இல் மறுசுழற்சி விகிதம் 35 விழுக்காட்டைத் தாண்டியது. மற்றதெல்லாம் பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களுக்குத்தான் வருகிறது.

மேட்டிலிருந்து இறங்கி, ஒரு மரத்தடியில் டப்பாக்களைத் திறந்தோம். சாப்பிடும்போது வழக்கமாக ஒரு கேள்வி வரும். இந்த முறை கணக்குப் பிரிவு நண்பர் கேட்டார்: “இதை நிர்வாகம்தானே செய்ய வேண்டும்? நாம் ஏன்?”

நியாயமான கேள்வி. அட்டவணைக் கழிவு என்று சட்டம் குறிப்பிடும் அபாயக் கழிவை நிர்வாகம்தான் கையாள வேண்டும். 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அதை 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ இடத்தில் வைத்திருக்கக் கூடாது. உரிமம் பெற்றவர்தான் எடுத்துச் செல்ல வேண்டும். எண்ணெய் துடைத்த துணிகூட அதில் அடங்கும். எங்கள் குழு அதைத் தொடுவதில்லை. ஆனால் எந்தத் தொட்டி எங்கே இருந்தால் கை தானாக அங்கே போகும், எந்தப் பொட்டலத்தைத் தேவையில்லாமல் இரண்டு முறை சுற்றுகிறோம் என்பதெல்லாம் அங்கே நிற்கிறவருக்குத்தான் தெரியும். அமெரிக்காவின் த்ரீ எம் நிறுவனம் 1975இலேயே மாசைக் குறைக்கும் யோசனைகளைத் தன் ஊழியர்களிடமிருந்து வாங்கத் தொடங்கியது. இபே நிறுவனத்தில் 2007இல் சுமார் 40 ஊழியர்கள் தாங்களாகவே சேர்ந்து தொடங்கிய பசுமைக் குழு, பிறகு பல நாட்டுக் கிளைகளுக்கும் பரவியது. நாங்கள் தொடங்கியபோது ஆறு பேர்தான்.

பின்வாசல்

கடைசி நிறுத்தம் எங்கள் தொழிற்சாலையின் பின்வாசல். இங்கேதான் புதியவர்களிடம் எங்கள் தவறுகளைச் சொல்வோம்.

2019 ஜூனில் மூன்று வண்ணத் தொட்டிகளும் நான்கு மொழிச் சுவரொட்டிகளுமாகத் தொடங்கினோம். அட்டைப்பெட்டிகளைச் சேர்க்கக் கம்பிக் கூண்டு ஒன்று செய்து பூட்டும் போட்டோம். விற்ற காசு ஆண்டு விருந்துக்கு என்று முடிவானது. முதல் இரண்டு மாதம் எல்லாரும் பாராட்டினார்கள். மூன்றாம் மாதம், துப்புரவு வேலை செய்யும் அக்கா என்னிடம் வந்து நூறு வெள்ளி கைமாற்று கேட்டார். அவர் யாரிடமும் அப்படிக் கேட்டவர் இல்லை.

உடன் வேலை செய்பவர்தான் விஷயத்தைச் சொன்னார். பல ஆண்டுகளாக அக்கா வேலை முடிந்து அட்டைப்பெட்டிகளைக் கட்டி, ‘சூராட் கபார் லாமா’ என்று ஒலிபெருக்கியில் கூவி வரும் பழைய பேப்பர் லோரிக்குப் போட்டு வந்திருக்கிறார். மாதம் எண்பது, தொண்ணூறு வெள்ளி. மகனின் டியூஷன் கட்டணம் அதில்தான் போனது. நாங்கள் கூண்டுக்குப் பூட்டுப் போட்ட நாளில் அது நின்றுவிட்டது. சுற்றுச்சூழலைக் காப்பாற்றுவதாகச் சொல்லி, அந்தக் கட்டடத்தில் எங்களுக்கு முன்பே மறுசுழற்சி செய்துகொண்டிருந்த ஒரே ஆளின் வருமானத்தைப் பறித்திருக்கிறோம்.

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தரையைத் துடைத்துக்கொண்டே வேறொன்று சொன்னார்.

“அது கிடக்கட்டும் தம்பி. நீங்க பிளாஸ்டிக், டின்னுன்னு பிரிச்சு வைக்கிறீங்களே, லோரிக்காரன் ராத்திரி எல்லாத்தையும் ஒண்ணாத்தான் கொட்டிக்கிட்டுப் போறான்.”

“எப்பயிலேர்ந்துக்கா?”

“மொத நாள்லேர்ந்தே.”

“ஏன் சொல்லல?”

“யாரும் கேக்கலையே.”

தொழிற்சாலைக் குப்பையை எடுப்பவர் தனியார் குத்தகையாளர். ஒப்பந்தத்தில் பிரித்து எடுக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை; நாங்கள் ஒப்பந்தத்தைப் படிக்கவே இல்லை. அறுபது நாள் பிரித்ததெல்லாம் சீலோங் போய்ச் சேர்ந்திருந்தது.

அதன் பிறகு மூன்று மாற்றங்கள் செய்தோம். துப்புரவுப் பணியாளர்கள் நால்வரும் குழுவில் உறுப்பினர்கள் ஆனார்கள். கூட்டம் அவர்கள் வேலை நேரத்திலேயே நடக்கும், அந்த நேரத்துக்குச் சம்பளமும் உண்டு. அட்டைப்பெட்டி, டின் விற்ற காசு முழுவதும் அந்த நால்வருக்கு. ஆண்டு விருந்துக்குக் கம்பெனி தன் கையிலிருந்து கொடுக்கட்டும் என்று மேனேஜரிடம் சொன்னோம். அவர் யோசித்துவிட்டுச் சரி என்றார். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, பிரித்ததைத் தனியாக எடுக்க வேண்டும், எடை ரசீது தர வேண்டும் என்று சேர்த்தோம்.

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் எல்லாம் நின்றுபோனது. திரும்பி வந்தபோது கேண்டீன் முழுக்க ஒருமுறை பயன்படுத்தும் டப்பாக்கள். மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். இன்றும் உணவுக் கழிவுக்கு எங்களிடம் நல்ல வழி இல்லை; அது இன்னும் சீலோங்குக்குத்தான் போகிறது. இதையும் புதியவர்களிடம் மறைப்பதில்லை.

நாங்கள் வேனை விட்டு இறங்கியபோது மணி மூன்று. அக்கா தராசுக்குப் பக்கத்தில் இருந்தார். ஆணியில் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. தேதி, பொருள், எடை, காசு என்று அவர் கையெழுத்தில் நான்கு வரிசை. தணிக்கைக்கு வந்தவர்கள்கூட எங்கள் கணினிக் கணக்கை ஒதுக்கிவிட்டு இதைத்தான் புரட்டிப் பார்த்தார்கள்.

உங்கள் வேலையிடத்தில் இப்படி ஏதாவது தொடங்க நினைத்தால், தொட்டி வாங்குவதற்கு முன் ஒரு மாலை கொஞ்ச நேரம் பின்வாசலில் போய் நில்லுங்கள். அங்கே குப்பையைக் கட்டுகிறவரிடம் பேசுங்கள். எது எங்கே போகிறது, யார் எதை எடுத்து விற்கிறார், எதை நிறுத்தினால் யாருக்கு நஷ்டம் என்று அவர் சொல்வார். சுவரொட்டியை அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம்.

கிடங்குத் தம்பி கையில் இருந்த வாழை இலைப் பொட்டலத்தை எந்தத் தொட்டியில் போடுவது என்று தெரியாமல் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா அதை வாங்கி, இலையைச் செடிக்குக் கீழே போட்டு, வெளியே சுற்றியிருந்த தாளை மட்டும் திருப்பிப் பார்த்தார்.

“எண்ணெய் பட்டுருச்சு. இது ஆகாது” என்று சாதாரணக் குப்பையில் போட்டார். “நாளைக்கு டப்பா எடுத்துட்டு வாங்க தம்பி.”