பொன்னேரிக் கடிதம்: முகப்புக்கு யார் காசு கொடுப்பார்கள்?

பொன்னேரி,
ஞாயிறு மாலை

அன்புள்ள நண்பா,

உன் அப்பா கட்டிய வீட்டைப் பார்த்துவிட்டேன். விற்பதற்கு முன்னால் முகப்பை மாற்றலாமா, மாற்றினால் போட்ட காசு திரும்புமா என்று நியூ ஜெர்சியிலிருந்து கேட்டிருந்தாய். முகப்பை விட்டுவிடு, கொல்லைப்பக்கச் சுவரைக் கவனி என்பதுதான் என் பதில். ஏன் என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டி வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தால் பாதிப் பாடம் வழியிலேயே கிடைத்துவிடுகிறது. எண்ணூர் தாண்டி அத்திப்பட்டு வந்ததும் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். அதன் பிறகு மீஞ்சூர், அனுப்பம்பட்டு வரைக்கும் தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டி நிற்கிற வீடுகள். தெருப்பக்கம் ஊதாவும் ஆரஞ்சும் அடித்து, டைல்ஸ் ஒட்டி, எலிவேஷனுக்கென்றே தனியாகச் செலவு செய்திருப்பார்கள். பக்கச் சுவரோ பூச்சே காணாத செங்கல். பக்கத்து மனையில் யாராவது வீடு கட்டினால் மறைந்துவிடும் என்ற கணக்கு. அந்தப் பக்கத்து வீடு பல வருஷமாக வராமலே இருக்கும். மழை மட்டும் தவறாமல் வரும்.

உங்கள் ஊர்க் கணக்கு வேறு. அங்கே வீடு மரச்சட்டத்தில் நிற்கிறது. வெளியே அடித்திருக்கிற பலகை அதற்குச் சட்டை. கழற்றிப் போட்டுப் புதிதாக மாட்டலாம். அமெரிக்காவில் வருஷா வருஷம் வெளியாகும் ‘செலவும் மதிப்பும்’ அறிக்கையை நீதான் அனுப்பியிருந்தாய். 2024 கணக்குப்படி வினைல் பலகை மாற்றினால் செலவில் 80 சதவீதமும், ஃபைபர் சிமென்ட் பலகை மாற்றினால் 88 சதவீதமும் விற்பனையில் திரும்புகிறது. முகப்பில் செயற்கைக் கல் ஒட்டினால் செலவைவிட ஒன்றரை மடங்கு. அதைப் பார்த்துத்தான் உனக்கு ஆசை வந்திருக்கிறது. பொன்னேரியில் சுவருக்குச் சட்டை கிடையாது. செங்கல்லும் பூச்சும்தான் உடம்பு, தோல் எல்லாம்.

கடைத்தெருவில் இரண்டு புரோக்கர்களிடம் பேச்சுக் கொடுத்தேன். மூத்தவர் முதலிலேயே போட்டு உடைத்தார்: “சார், இங்க மனைக்குத்தான் ரேட்டு. வீடு பழசுன்னா பார்ட்டி இடிக்கத்தான் வாங்குறான். நீங்க பெயின்ட் அடிச்சா அவனுக்கென்ன?” அவர் சொன்னதில் முக்கால்வாசி சரி. பத்திரப் பதிவிலும் மனைக்கு வழிகாட்டி மதிப்பு. கட்டடத்துக்குப் பொதுப்பணித்துறை விகிதம் போட்டு, வயதுக்கேற்ப தேய்மானம் கழிப்பார்கள். முப்பது வருஷத்து வீட்டுக்குப் போன மாதம் அடித்த பெயின்ட் அந்தக் கணக்கில் எங்கேயும் ஏறாது.

மிச்சக் கால்வாசியில்தான் உன் வீடு இருக்கிறது. காட்டுப்பள்ளித் துறைமுகத்திலோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ வேலை பார்த்துக்கொண்டு, குடும்பத்தோடு குடியேற வீடு தேடுகிறவர்கள் உண்டு. அவர்கள் இடிக்கிற ஆட்கள் இல்லை, வங்கிக் கடனில் வாங்குகிறவர்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையுள்ள வீட்டுக் கடனுக்கு, சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வந்து, சுவரில் விரிசல், கம்பி தெரிகிறது, ஓதம் என்று எழுதிவிட்டால் மதிப்பு இறங்கும், கூடவே கடனும் இறங்கும். வாங்குகிறவர் கைக்காசு அதிகமாகப் போட வேண்டும். போதாததற்கு முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதம் வேறு. 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணத்தை 4-லிருந்து 2 ஆக்கினார்கள்; ஆனால் கூடவே வழிகாட்டி மதிப்பு பழையபடி ஏறிவிட்டது. ஆக, கையைக் கடிக்கிற இடத்தில் நிற்கிறவர் விலையைத்தான் குறைத்துக் கேட்பார். அழகான சுவர் பத்து ரூபாய் கூட்டித் தராது. கெட்ட சுவர் நூறு ரூபாயைக் குறைக்கும்.

இனி உன் வீடு. தெருவைப் பார்த்த தெற்கு முகப்பில் ஒரு குறையும் இல்லை, நிறம் மங்கியிருக்கிறது, அவ்வளவுதான். கொல்லைப்பக்க வடக்குச் சுவர்தான் சிக்கல். ஐப்பசி, கார்த்திகை மழை சாய்த்து அடிப்பது அதன் மேல்தான். தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்கு ஓதம் ஏறி, வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. விரலால் தடவினால் மாவாக உதிர்கிறது. கூட வந்த மேஸ்திரி கரண்டிக் காம்பால் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தார். ஜன்னலுக்கு மேலே கெட்டியாகக் கேட்ட சத்தம் கீழே வர வர ‘டொக் டொக்’ என்று மாறியது. “பூச்சு செங்கல்லை விட்டுருச்சு சார். இதுமேல என்ன அடிச்சாலும் ரெண்டு மழைக்கு நிக்காது” என்றார். சன்ஷேடின் அடியில் ஒரு முழ நீளத்துக்கு சிமென்ட் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது.

இந்த உப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? கடல்காற்றை மட்டும் குறை சொல்ல முடியாது, இங்கிருந்து கடல் கொஞ்ச தூரம் இருக்கிறது. தண்ணீரைப் பார். மீஞ்சூர், பஞ்செட்டி ஆழ்குழாய்க் கிணறுகளிலிருந்து சென்னைக்குக் குடிநீர் இறைத்து இறைத்து, மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் உள்ளே புகுந்தது பல பத்தாண்டுக் கதை. அதே மீஞ்சூர் பெயரில் காட்டுப்பள்ளியில் 2010-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்ததும் அந்தத் தாகத்தின் தொடர்ச்சிதான். இந்தப் பக்கத்தில் போர் தண்ணீரிலேயே கலவை குழைத்து, அதையே ஊற்றி ஆறவைத்துக் கட்டிய வீடுகள் ஏராளம். இந்தியத் தர நிர்ணயம் 456, கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது. யார் அளந்து பார்த்தார்கள்? உப்பு உள்ளே உட்கார்ந்து, ஈரம் படும்போதெல்லாம் கம்பியைத் தின்கிறது. துரு கம்பியைவிடப் பெருத்துக்கொள்வதால் சிமென்ட்டை வெளியே தள்ளுகிறது.

அதனால் விற்கிற அவசரத்தில் பட்டி பார்த்து, ‘வாட்டர்ப்ரூஃப்’ பெயின்ட்டைப் பூசி மூடுவதுதான் மோசமான வழி. உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர வழியில்லாமல் வீட்டுக்குள் திரும்பும். படுக்கையறைச் சுவரில் கறை வரும். பழவேற்காட்டுப் பக்கம் அந்தக் காலத்தில் ஏரிக் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். அந்தப் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்து வைக்காமல் காயவிடும். அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. சுவர் மூச்சுவிட வேண்டும் என்கிற பாடம் மட்டும் போதும். இன்னொன்று: புது பெயின்ட் வாசனையோடு நிற்கிற பழைய வீட்டைப் பார்த்தால் இங்கே வாங்குகிறவர்களுக்குச் சந்தேகம்தான் வருகிறது. “எதை மறைச்சிருக்காங்க?” என்று பின்பக்கம்தான் முதலில் போகிறார்கள்.

நீ கேட்ட ஏ.சி.பி. ஷீட், அதாவது அலுமினியக் கூட்டுத் தகடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். இங்கே மெயின் ரோட்டுக் கடைகளெல்லாம் அதைத்தான் மாட்டியிருக்கின்றன. குடியிருக்கும் வீட்டுக்கு வேண்டாம். 2017-ல் லண்டன் கிரென்ஃபெல் கட்டடத்தில் 72 பேர் இறந்த தீ பரவியது, நடுவில் பாலித்தீன் வைத்த அந்த வகைத் தகட்டின் வழியாகத்தான். தவிர, ஷீட்டுக்குப் பின்னால் ஓதம் இருந்தால் கண்ணுக்கே தெரியாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வடக்குச் சுவரின் கீழ்ப்பகுதிப் பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி எடுத்து, உப்பைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, காய விட வேண்டும். சன்ஷேடில் துருவைச் சுரண்டி, கம்பிக்குத் துருத்தடுப்பு பூசி, அப்புறம் கலவை. கலவைக்குப் போர் தண்ணீர் வேண்டாம், லாரித் தண்ணீர் வாங்கச் சொல்லியிருக்கிறேன். மாடித் தண்ணீர் சுவரோரம் விழாமல் குழாயைத் தள்ளி விடவேண்டும். பூச்சு உலர நான்கு வாரமாவது விட்டு, கடைசியாகச் சாதாரண எமல்ஷன் ரெண்டு கோட். சாரம் கட்ட வேண்டியது ஒரு பக்கத்துக்கு மட்டும்தான், செலவும் அந்த அளவுக்குத்தான். மழைக்கு முன் முடிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பட்டா இன்னும் உன் அப்பா பெயரிலேயே நிற்கிறது. வாரிசுச் சான்று வாங்கி, தாலுகா ஆபீசில் பெயர் மாற்ற மனு கொடுத்தாக வேண்டும். அது இல்லாமல் எந்த வங்கியும் மதிப்பீட்டாளரை அனுப்பாது. அவர் வராத வீட்டில் சுவர் எப்படி இருந்தால் என்ன? உன் தங்கையிடமும் பேசிவிட்டு, இருவர் ஆதார் நகலையும் எனக்கு அனுப்பு. மேஸ்திரிக்கு முன்பணம் அதற்கப்புறம் கொடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் நண்பன்