காவலுக்கும் ஒரு காவல்

'வேலி' என்னும் சொல் தமிழில் இரு பொருள் தருவது. பயிரைச் சூழ்ந்து நிற்கும் அரணும் வேலியே. சோழ மண்டலத்து உழவர் இருபது மா நிலத்தை ஒன்றாக்கி அளந்து கூறுவதும் வேலியே. காவலையும் காக்கப்படும் நிலத்தையும் ஒரே சொல்லால் வழங்கிய நம் முன்னோரின் நுண்மை எண்ணி மகிழத்தக்கது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில், எயினர் குடியிருப்பை வருணிக்கும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், சங்கிலியால் நாய் பிணிக்கப்பட்ட காவல்மனையையும் அதனைச் சூழ்ந்த முள்வேலியையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டுகிறார். நாய் காக்கும் மனைக்கு வேலியும் வேண்டுமோ என்னும் வினா இப்பகுதியைப் பயில்வோர் உள்ளத்தில் எழுதல் இயல்பு. அவ்வினாவுக்கு எங்கள் குடும்பத் தோப்பிலே எனக்கு விடை கிடைத்தது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் எங்களுக்குச் சிறிய தென்னந்தோப்பு ஒன்று உண்டு. அதிலுள்ள ஓட்டு வீட்டில் எழுபதைக் கடந்த அத்தா தங்கியிருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் கிணற்று மோட்டாரின் செப்புக் கம்பி இருமுறை களவு போயிற்று. களத்தில் குவித்திருந்த தேங்காயும் ஓரிரவில் பாதியாயிற்று. அண்ணனும் நானும் கலந்து பேசி, இராசபாளையம் நாய்க்குட்டி ஒன்றை வாங்கி வளர்ப்பதென முடிவு செய்தோம். அத்தா மறுக்கவில்லை, ஆனால் நிபந்தனை ஒன்று விதித்தார்.

"முதல்ல வேலியைப் போடுங்க தம்பி. நாயைப் பிறகு பார்த்துக்கலாம்" என்றார்.

தோப்பை ஒட்டிய வண்டிப்பாதை வழியாகவே மாலையில் சிறுவர் சிறுமியர் ஓதுவதற்குச் செல்வர். அப்பாதையில் முன்பொருமுறை, திறந்து கிடந்த கதவு வழியே வெளிப்பட்ட வளர்ப்பு நாய் ஒன்று ஒரு சிறுவனின் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. புண் ஆறிய பின்னும் அச்சிறுவன் நெடுநாள் அவ்வழியே நடக்க மறுத்தான். அத்தாவின் மனத்தில் இருந்தவன் திருடன் அல்லன், அச்சிறுவனே.

இரண்டாவது காரணமும் உண்டு. நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை, அவற்றுள் ஒருமுறை மண் கொண்டு, கழுவுமாறு நபிமொழி அறிவுறுத்துகிறது. ஒளுச் செய்யும் தொட்டியும் தொழும் திண்ணையும் உள்ள முற்றத்தில் நாய் தன் விருப்பப்படி உலவுவது எங்கள் வீட்டுக்கு ஒவ்வாது. அதேவேளையில் வேட்டைக்கும், கால்நடைக்கும், பயிர்க்காவலுக்கும் நாய் வைத்துக்கொள்ள மார்க்கம் இடமளித்துள்ளது. தாகத்தால் தவித்த நாய்க்குக் கிணற்று நீர் முகந்து கொடுத்தவர் இறை மன்னிப்புப் பெற்ற செய்தியை நாம் அறிவோம். திருக்குர்ஆனின் பதினெட்டாம் அத்தியாயம் கூறும் குகைவாசிகளின் நாயும் வாயிலிலே முன்னங்கால்களை நீட்டிக் கிடந்தது. நாய்க்குரிய இடம் வாயில் என்பது எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதிலிருந்து பெற்ற தெளிவு. ஆகவே எங்களுக்கு வேண்டியிருந்தவை இரண்டு வேலிகள்: நாயைப் பாதையிலிருந்து பிரிக்கும் புறவேலி ஒன்று, தொழுமிடத்திலிருந்து பிரிக்கும் அகவேலி ஒன்று.

நாயின் இயல்பு

வேலியின் வகையைத் தேர்வதற்கு முன், அதனுள் வாழப்போகும் உயிரின் இயல்பை அறிதல் வேண்டும். இராசபாளையம் நாய் வெண்ணிற மேனியும் இளஞ்சிவப்பு மூக்கும் நெடிய கால்களும் உடையது. அஞ்சல் துறை 2005-இல் வெளியிட்ட இந்திய நாயினங்களின் அஞ்சல்தலைகளுள் இதற்கும் ஒன்று உண்டு. நன்கு வளர்ந்த ஆண் நாய் தோளளவில் இரண்டேகால் அடிக்குக் குறையாது. வேட்டைக்கென வளர்க்கப்பட்ட மரபாதலின், கண்ணெதிரே ஒன்று ஓடினால் துரத்துவது இதன் குருதியில் ஊறிய குணம். ஓடுவது முயலா, மிதிவண்டியில் செல்லும் சிறுவனா என்று அது ஆராய்வதில்லை. மேலும் இவ்வினத்தில் பிறவியிலேயே செவிப்புலன் குன்றிய குட்டிகள் பிறப்பதுண்டு. வெளியே பாய்ந்துவிட்ட நாய்க்கு நம் அழைப்பே கேளாதெனில், வேலியன்றி வேறு தடை யாது?

வேலி வகைகள்

தோப்புக்கு வேலி என்றதும் நம்மூரார் கல்தூண் நட்டு முள்கம்பி இழுப்பர். மாட்டைத் தடுக்க அது போதும், நாய்க்குப் பயன்படாது. நாய் இரு கம்பிகளின் இடையே நுழைந்துவிடும். இவ்வினத்துக்குத் தோலும் மென்மையானது, மயிரும் குறுகியது. நுழையும்போது உடல் கிழிபடும். கிளுவைப் போத்துகளை நட்டு வளர்க்கும் உயிர்வேலி கண்ணுக்கு இனியது; எனினும் அடியில் இடைவெளி விடும், அடர்ந்து வளரவும் ஆண்டுகள் செல்லும். மின்சாரத்தை நேரே கம்பியில் பாய்ச்சுவது சட்டத்துக்குப் புறம்பானது. மனித உயிரையும் யானை உயிரையும் குடிக்கும் அக்கொடுமையை நினைத்தலும் ஆகாது.

எஞ்சியவை இரண்டு: சுவரும் கம்பி வலையும். முழுதும் சுவர் எழுப்பப் பொருள் போதாது. முழுதும் வலை அமைத்தால், பாதையில் செல்வோரை நாய் நாள்தோறும் கண்டு, வேலியோரம் ஓடி ஓடிக் குரைத்துச் சினம் மிகும். காண்பதும் எட்டாமையும் சேர்ந்து அதன் குணத்தைக் கெடுக்கும். ஆதலால் பாதையை நோக்கிய பக்கத்தில் மட்டும் ஹாலோ பிளாக் கற்களால் ஆறடிச் சுவர் எழுப்பினோம். ஏனைய மூன்று பக்கமும் பின்னல் கம்பி வலை. வீடு, கிணறு, களம் மூன்றும் உள்ளடங்க, எண்பதடிக்கு எண்பதடிச் சதுரமாக அமைந்தது முற்றம். அஃது ஏறத்தாழ 15 சென்ட் ஆகும்.

வலை 10 கேஜ் ஜி.ஐ. கம்பியால் பின்னியது, கண் இரண்டு அங்குலம். எட்டடித் தூண்களை இரண்டடி ஆழத்தில் கான்கிரீட் இட்டு நட்டோம். தூணுக்குத் தூண் எட்டடி. மேலும் நடுவும் கீழும் மூன்று முறுக்குக் கம்பிகளை இழுத்துக் கட்டியதால் வலை தொய்யவில்லை. நான்கடி வேலி இந்நாய்க்கு ஒரு தாவல். ஆகவே ஆறடிக்குக் குறைத்தல் கூடாது. வேலியோரம் விறகையோ கல்லையோ அடுக்குவதும் ஆகாது. அடுக்கியது நாய்க்குப் படியாகிவிடும்.

பலர் உயரத்தை எண்ணி அடியை மறப்பர். நாய் தாண்டுவதைவிடத் தோண்டுவதே மிகுதி. இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. இரண்டடி அகல வலையை வேலியின் அடியோடு பிணைத்து, உட்புறமாகத் தரையில் படுக்கவைத்து மண் மூடிவிட வேண்டும். நாய் வேலியை ஒட்டி நின்றே தோண்டும். தோண்டுமிடத்தில் நகம் வலையில் தட்டும். இரண்டடி பின்வாங்கித் தோண்டுதல் அரிது. ஒளுத் தொட்டியையும் திண்ணையையும் சூழ்ந்த அகவேலிக்கும் இதே முறையைக் கைக்கொண்டோம்.

வாயில்

எவ்வளவு வலிய வேலியும் அதன் வாயிலைவிட வலியதன்று. தேங்காய் வண்டிக்காரரும், தபால்காரரும், உறவினரும் கதவைத் திறப்பர், மூட மறப்பர். ஆகவே இரட்டை வாயில் அமைத்தோம். வெளிக்கதவைத் திறந்து வருவோர் ஆறடி நீளமுள்ள சிறு இடைவெளியில் நிற்பர். அதை மூடிய பிறகே உட்கதவைத் திறக்க வேண்டும். இரண்டும் உள்நோக்கித் திறப்பவை. நாய் உள்ளிருந்து மோதினால் இறுகுமேயன்றித் திறவா. கதவுக்கும் தரைக்கும் இடைவெளி இரண்டு அங்குலமே. தாழ்ப்பாள் நாயின் முன்னங்கால் எட்டாத உயரத்தில் உள்ளது. 'நாய் உண்டு' என்னும் பலகையில், எழுத்தறியாச் சிறாருக்காக நாயின் படமும் வரையச் செய்தார் அத்தா.

சட்டமும் அறமும்

"இத்தனை செலவு எதற்கு? சங்கிலியில் கட்டிப் போட்டால் ஆகாதா?" என்று கேட்டவர் உளர். இரவு பகலாய்க் கட்டுண்ட நாய் காவலாளி ஆவதில்லை, வெறுப்பின் உருவாகிறது. மிகக் குறுகிய சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதையும், எந்நேரமும் கட்டிக் கிடக்கும் நாயை உலவவிடாமல் புறக்கணிப்பதையும் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் குற்றமெனக் கூறுகிறது. வளர்ப்பு விலங்கால் பிறர்க்குத் தீங்கு நேராமல் காக்கத் தவறுவோர்க்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கிறது. ஒரு சட்டம் நாயைக் காக்கிறது. மற்றது வழிப்போக்கரைக் காக்கிறது. நல்ல வேலி இரண்டுக்கும் ஒருங்கே கீழ்ப்படிகிறது. வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாது இடுதலும் கண்ணுக்குப் புலனாகாத ஒரு வேலியேயாகும்.

வேலி முடிந்த மறுமாதமே குட்டி வந்தது. இன்று அது இரவெல்லாம் முற்றத்தைச் சுற்றி வருகிறது; மோட்டார்க் கம்பி அதன்பின் களவு போகவில்லை. பாதையில் ஓதச் செல்லும் பிள்ளைகள் சுவருக்கு அப்பால் எழும் குரைப்பொலியைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே கடக்கின்றனர். வெள்ளிதோறும் ஜும்ஆவுக்குப் புறப்படுமுன் அத்தா ஒருமுறை வேலியைச் சுற்றி வந்து, தொய்ந்த கம்பியை முறுக்கி, தாழ்ப்பாளை அசைத்துப் பார்ப்பது வழக்கமாயிற்று.

மாணவச் செல்வங்களுக்கு ஒன்று கூற விழைகிறேன். வலிமையை வீட்டுக்குள் கொண்டுவருவோர் முதலில் அதன் எல்லையை வகுத்துவிட வேண்டும். நாய்க்கு மட்டுமன்று, வாகனத்துக்கும் பதவிக்கும் நாவுக்கும் இது பொருந்தும். தோப்புக்கு வேலி இடுபவர் திருடனை மனத்தில் கொண்டு இடுவர். நாய்க்கு வேலி இடுபவரோ, அவ்வழியே நடந்து செல்லும் சிறு பிள்ளையை மனத்தில் கொண்டு இடுதல் வேண்டும்.